சுட்ட பலகை: எதைச் சுடலாம், எவ்வளவு ஆழம் சுடலாம்?

மொட்டைமாடித் தச்சன் (திருநெல்வேலி) எழுதியது:

இரண்டு ஆண்டுகளாக இந்த மரவேலைக் குழுவில் படிப்பவனாக மட்டும் இருந்துவந்த நான், முதன்முதலாக எழுத வந்திருப்பது ஒரு தோல்வியைச் சொல்லத்தான்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டுக் கூண்டுக்கும் நடுவே எட்டடிக்குப் பத்தடி இடம் இருக்கிறது. அதற்குத் தகரக் கூரை போட்டு, பழைய கதவொன்றைப் படுக்கப்போட்டு வேலைமேசையாக்கி, ஒரு கைரம்பம், இரண்டு இழைப்புளி, நான்கு உளி, ஒரு மூலைமட்டம் ஆகியவற்றோடு பட்டறை நடத்துகிறேன். அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, மேலே ஏறிப் பலகையின் மீது இழைப்புளியை வைக்கும்போது முதல் சுருள் எழும்பி வரும் அந்த நொடிக்காகவே நாள் முழுவதும் காத்திருக்கிறேன் என்று சொன்னால் இங்கே யாரும் சிரிக்க மாட்டீர்கள்.

சென்ற புரட்டாசியில் இயந்திரப் பெட்டிகளிலிருந்து கழற்றிய பைன் பலகைகளைக் கொண்டு முற்றத்துக்கு ஒரு விசுப்பலகை செய்தேன். காணொளிகளில் பார்த்ததைப் போல, எரிவாயு டார்ச்சால் மேற்புறத்தைக் கறுக்கச் சுட்டு, ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசினேன். முதல் வாரம் பார்த்தவர்கள் எல்லாரும் கருங்காலியா என்று கேட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கரி அங்கங்கே செதிள் செதிளாக உதிர்ந்தது. பலகைகள் நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கியது. அடிப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. இத்தனைக்கும் மேலாக, பொங்கலன்று வந்த சித்தப்பா துவைத்துக் கஞ்சி போட்ட வேட்டியோடு அதில் அமர்ந்து எழுந்தபோது, அவருக்குப் பின்னால் ஐந்து கறுப்புக் கோடுகள் நேர்த்தியாக விழுந்திருந்தன. பலகைக்கும் பலகைக்கும் நான் விட்டிருந்த இடைவெளி எவ்வளவு சீரானது என்பதை அந்த வேட்டியைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

சுட்ட மரம் நூறாண்டு தாங்கும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, என்னுடையது ஏன் நான்கு மாதம் தாங்கவில்லை?


இழைப்புளி (கும்பகோணம்) எழுதியது:

தம்பி, முதலில் பலகையைப் பற்றிச் சொல்லுங்கள். பெட்டிப் பலகையில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். அதில் ஹெச்.டி. என்று இருந்தால் பூச்சியைக் கொல்ல வெப்பமூட்டிய பலகை; எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட பலகை. பின்னதை எரிக்கவே கூடாது. பச்சை சாயல் தெரியும் பலகையாக இருந்தால் இன்னும் மோசம். தாமிரமும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றிய மரமாக இருக்கலாம். அதைச் சுட்டால் ஆர்சனிக் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். எந்த மரம், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பலகைக்கு நெருப்பைக் காட்டாதீர்கள்.

அடுத்ததாக, கனம் எவ்வளவு, சுட்ட ஆழம் எவ்வளவு, அடிப்பக்கத்துக்கு என்ன பூசினீர்கள்?


மொட்டைமாடித் தச்சன் எழுதியது:

ஐயா, நல்லவேளையாக முத்திரையில் ஹெச்.டி. என்றுதான் இருக்கிறது, நீங்கள் சொன்ன பிறகே ஏணியும் டார்ச் விளக்குமாகப் போய்ப் பார்த்தேன். கனம் முக்கால் அங்குலம். காம்பஸ் முள்ளால் கரியைக் குத்திப் பார்த்ததில் அரை மில்லிமீட்டருக்குள்ளேயே நல்ல மரம் தட்டுகிறது. அடிப்பக்கத்துக்கு ஒன்றும் பூசவில்லை. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.


கடலோர ரயில் (ஒகயாமா, ஜப்பான்) எழுதியது:

வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். பலகையைச் சுடும் வழக்கம் வேரூன்றிய ஊர்ப்பக்கமே இது என்பதால், பார்த்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். இணையத்தில் ஷோ சுகி பான் என்று பரவியிருக்கும் சொல்லை இங்கே சொன்னால் ஜப்பானியர்களுக்கே புரிவதில்லை. சுட்ட சுகிப் பலகை என்பதற்கான மூன்று எழுத்துகளை யாரோ வேறு ஒலிப்பில் படித்ததால் வந்த வினை அது. இங்கே வழங்கும் பெயர் யாகிசுகி. யாகி என்றால் சுட்டது. யாகிதோரி என்று கோழியைச் சுட்டுத் தருகிறார்களே, அதே யாகிதான். சுகி என்பது மரத்தின் பெயர், கிரிப்டோமேரியா ஜப்பானிக்கா. ஆங்கிலத்தில் ஜப்பானிய சீடர் என்பார்கள். உண்மையில் அது தேவதாரு இனத்தைச் சேர்ந்ததன்று. இதே மரம் 19ஆம் நூற்றாண்டில் டார்ஜிலிங் மலைகளுக்கு வந்து, அங்கே தூபி என்ற பெயரில் காடு காடாக நிற்கிறது.

ஆக, பெயரிலேயே மரம் இருக்கிறது. எந்த மரத்தையும் சுட்டுவிட்டு யாகிசுகி என்பது, எந்தக் காயைப் போட்டாலும் முருங்கைக்காய்ச் சாம்பார் என்பதைப் போன்றது.

ஒகயாமாவின் ஊனோ துறையிலிருந்து சிறிய கப்பலில் நவோஷிமா தீவுக்குப் போகலாம். அங்கே ஹொன்முரா என்ற பழைய குடியிருப்பில் சந்து சந்தாகக் கரிய சுவர்களுக்கு நடுவே நடக்கலாம். கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் தாங்குவதற்காகச் சுட்ட பலகைகளை வெளிச்சுவரில் அடித்திருக்கிறார்கள். அதே ஊரில் தடாவோ ஆண்டோ வடிவமைத்த மினாமிதெரா என்ற கட்டடமும் முழுக்கச் சுட்ட பலகையால் போர்த்தப்பட்டது. கட்டடக்கலை வரலாற்றறிஞரான தெருநொபு ஃபுஜிமோரி இந்த முறையை நவீனக் கட்டடங்களுக்குள் கொண்டுவந்தவர். ஒய்தா மாகாணத்தில் 2005இல் அவர் கட்டிய லமுனே ஒன்சென் என்ற வெந்நீர்க் குளியலகத்தின் சுவரில், கரிப்பலகையும் வெள்ளைச் சுண்ணச்சாந்தும் மாறி மாறிப் பட்டைகளாக வரும். 2007இல் நாகானோவில் யாகிசுகி இல்லம் என்றே பெயர் வைத்து ஒரு வீட்டையும் கட்டினார்.

இவை எல்லாமே சுவர்கள் என்பதைக் கவனியுங்கள். செங்குத்தாக நிற்கும் பலகை; மேலே விழும் நீர் வழிந்து போய்விடும்; பின்னால் காற்றோட்டத்துக்கு இடைவெளி இருக்கும்; யாரும் அதன்மேல் அமர்வதில்லை. நூறாண்டு என்ற பேச்செல்லாம் இத்தகைய சுவர்களைப் பற்றியது.

சுடும் முறையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். டார்ச் கிடையாது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள மூன்று பலகைகளை நீளவாக்கில் முக்கோணக் குழாயைப்போல ஒன்றோடொன்று சாய்த்து, மூன்று இடங்களில் கம்பியால் கட்டுகிறார்கள். அடிவாயில் கசக்கிய செய்தித்தாளைத் திணித்துப் பற்றவைத்து, குழாயை நிமிர்த்திக் கற்களின் மேல் நிறுத்துகிறார்கள். ஒரு நிமிடம் வெறும் புகை. பிறகு உள்ளே ஓர் உறுமல் கேட்கிறது, தொலைவில் சரக்கு ரயில் பாலத்தின்மேல் போவதைப் போல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்வாயிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தீ பீறிடுகிறது. பாதியில் குழாயைத் தலைகீழாகத் திருப்புகிறார்கள். எல்லாம் சில நிமிடங்கள்தான். கம்பியை வெட்டியதும் பலகைகள் பூவிதழ்களைப்போல மல்லாந்து விழ, உடனே வாளி வாளியாகத் தண்ணீர். நீரை ஊற்றாமல் விட்டால் கரி கனன்றுகொண்டே இருந்து பலகையைத் தின்றுவிடும்.

கரியின் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தது. முதலைத் தோலைப்போலக் கட்டம் கட்டமாக வெடித்து, சாய்ந்த வெயிலில் வெள்ளிபோல மின்னியது. உங்கள் அரை மில்லிமீட்டரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், நண்பரே.


லிக்னின் (பெங்களூரு) எழுதியது:

மரத்தின் வேதியியலோடு கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

மரத்தில் முதன்மையாக மூன்று பொருள்கள் உள்ளன: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். இவற்றில் ஈரத்தை அதிகம் இழுப்பதும் பூஞ்சைக்கு எளிய உணவாவதும் ஹெமிசெல்லுலோஸ்தான். சூடேற்றும்போது முதலில் சிதைவதும் அதுவே. சுமார் 220 டிகிரி செல்சியஸில் தொடங்கிவிடும். செல்லுலோஸ் சிதைவதற்கு 315 டிகிரிக்கு மேல் போக வேண்டும். லிக்னின் மிக மெதுவாகச் சிதைந்து, கரியின் பெரும்பங்காக எஞ்சுகிறது. எல்லாம் முடிந்த பிறகு மேலே இருப்பது பூச்சியும் பூஞ்சையும் உண்ண முடியாத, வெயிலின் புற ஊதாக் கதிரால் வெளிறாத கரி. அதற்கு அடியில், கரியாகாமல் ஆனால் வெப்பத்தால் மாறிப்போன பழுப்பு அடுக்கு ஒன்று மெல்லிதாக இருக்கும்.

டார்ச்சால் வருடிச் சுட்டால் மேற்பரப்பு கறுக்குமே தவிர இந்த அடுக்குகள் உருவாக நேரம் கிடைப்பதில்லை. அது நிறம், காப்பு அன்று. அந்த மெல்லிய கரியில் விரிசல் விழுந்தால் நீர் நேராகச் சுடாத மரத்துக்குள் இறங்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை உளுப்புப் பூஞ்சை வேலையைத் தொடங்காது. தேங்கிய நீருக்கு முன் அந்த எல்லை எம்மாத்திரம்?

மூன்று பலகைகளை ஏன் சேர்த்துச் சுட வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அடுப்பு ஊதிப் பழகியவர்களுக்குத் தெரியும், ஒற்றை விறகு தனியாக நின்று எரியாது. இன்னொன்றை அருகில் தள்ளினால்தான் பற்றும். எரியும் முகம் தன் வெப்பத்தை வெளியே வீசி இழந்துவிடுகிறது. எதிரே இன்னொரு எரியும் முகம் இருந்தால், ஒன்று இழப்பதை மற்றொன்று திருப்பித் தருகிறது. அதனோடு புகைபோக்கியின் இழுப்பும் சேரும்போது நெருப்பு தானாகவே நடக்கிறது. கணக்கும் ஓரளவு பொருந்துகிறது. தீ விபத்தில் மென்மரம் எவ்வளவு வேகமாகக் கரியாகும் என்பதற்கு ஐரோப்பியக் கட்டட நெறிமுறை நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறது. நண்பர் பார்த்த மூன்று மில்லிமீட்டருக்கு நாலரை நிமிடம் வருகிறது.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சுட்ட மரம் தீப்பிடிக்காது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கரி, தீயைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

பலகை குழிந்ததற்கும் விடை இதிலேயே இருக்கிறது. சுட்ட முகம் காய்ந்து சுருங்குகிறது. எண்ணெய் படாத அடிமுகம் மழையீரத்தைக் குடித்து உப்புகிறது. இரண்டும் சேர்ந்து பலகையை மேல்நோக்கிக் குழிய வைத்து, நீங்களே ஒரு தாம்பாளம் செய்து வைத்ததைப்போல ஆக்கிவிட்டன.


பனிக்காலக் கொட்டில் (டொரொண்டோ) எழுதியது:

நான் இங்கே கராஜில் மரவேலை செய்பவன். எங்களுக்கு எளிதாகக் கிடைப்பது வெஸ்டர்ன் ரெட் சீடர். அதுவும் சுகியைப்போல எடை குறைந்த, நேர்நாருள்ள மரம் என்பதால் சுடுவதற்கு நன்றாக ஒத்துழைக்கிறது. ஆனால் அதன் தூள் மூச்சுக்குழாயை வருத்தும். சிலருக்கு ஆஸ்துமாவே வரும். முகமூடி இல்லாமல் அதை இழைக்க வேண்டாம்.

நான் எழுத வந்தது நெருப்பைப் பற்றி. எல்லாரும் டார்ச்சுக்குப் பயப்படுகிறோம். டார்ச்சை அணைத்த பிறகு வரும் நெருப்பை மறந்துவிடுகிறோம். மூன்று கோடைக்கு முன்பு சுட்ட பலகைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்துவிட்டு, துணிகளைச் சுருட்டிப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு இரவு உணவுக்கு உள்ளே போனேன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் முடிந்து, தேநீர் ஆறுவதற்குள் மனைவி, மீன் பொரிக்கும் எண்ணெய் கருகுவதுபோல மணக்கிறதே என்றார். போய்ப் பார்த்தால் கூடையின் அடி உருகி வழிந்து, துணிப்பந்தின் நடுவிலிருந்து சாம்பல் நிறப் புகை. கூடையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டதும் காற்றுப் பட்டுச் சுவாலை எழுந்தது. பத்து நிமிடம் பிந்தியிருந்தால் கராஜும் அதை ஒட்டிய படுக்கையறையும் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே விரும்பவில்லை.

ஆளிவிதை எண்ணெய் காய்வது என்பது நீர் ஆவியாவதைப் போன்றதன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிவருகிறது. விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். விரைந்து காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்துக் கடையில் விற்கும் வகையில் இது இன்னும் வேகமாக நடக்கும். எண்ணெய்த் துணியைக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். மொட்டைமாடித் தம்பிக்குத் தகரக் கூரை வேறு. திருநெல்வேலி வெயிலில் அதன் கீழே என்ன சூடு இருக்கும் என்று எனக்குத் தெரியாததா?

இங்கே குளிர்காலத்தில் கராஜுக்குள் பசை இறுகாது, விரல்கள் உளியைப் பிடிக்காது. அந்த நான்கு மாதமும் நிலவறையில் அமர்ந்து ஆயுதங்களைத் தீட்டுகிறேன். ஒரு மாலை முழுவதும் ஓர் உளியின் முதுகைத் தட்டையாக்குவதிலேயே போய்விடும். வேறு எந்த வேலையிலும் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.


பால்கனிப் பட்டறை (சென்னை) எழுதியது:

நான் ஐந்தாவது மாடியில் குடியிருப்பவள். எங்கள் பட்டறை நாலடிக்கு ஆறடி, அதிலும் பாதியைத் துணி உலர்த்தும் கொடி எடுத்துக்கொள்கிறது. டார்ச் ஏற்றினால் குடியிருப்போர் சங்கம் என்னையே சுட்டுவிடும். எனவே நெருப்பில்லாமல் கறுக்கும் வழியைச் சொல்கிறேன். வீட்டுக்குள் வைக்கும் பொருள்களுக்கு இது போதும்.

மளிகைக் கடை வினிகரில், மெல்லிய இரும்புக் கம்பிச் சுருளை ஐந்தாறு நாள் ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலை இறுக மூடாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் வாயு உருவாகும், பக்கத்தில் விளக்கும் கூடாது. நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, தண்ணீரில் கொதிக்கவைத்துத் தெளிவை எடுத்து முதலில் பலகையில் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் இரும்பு நீரைத் தடவினால், நம் கண்ணெதிரே பலகை முதலில் தூறல் மேகம்போலச் சாம்பலாகி, பிறகு கருநீலமாகி, இறுதியில் கறுத்துவிடும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை இது. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுகிறவர்கள் வினிகருக்குப் பதிலாக வெல்ல நீரில் இரும்புத் துண்டுகளைப் புளிக்கவைக்கிறார்கள். துணிக்கு அவர்களும் கடுக்காய்தான் ஏற்றுகிறார்கள். இந்த முறையில் செய்த முக்காலி மூன்று ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறது. யாருடைய வேட்டியிலும் இதுவரை கோடு விழவில்லை.

மொட்டைமாடி அண்ணாவுக்கு ஒரு கேள்வி. எந்த எரிவாயு உருளையைப் பயன்படுத்தினீர்கள்? வீட்டுச் சமையலுக்குத் தரும் 14.2 கிலோ உருளையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். 5 கிலோ சிறிய உருளை தனியாக விற்கிறார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் மேலே போகாது. படிக்கட்டு வழியாகக் கீழே வீட்டுக்குள் இறங்கித் தேங்கும். மொட்டைமாடிப் பட்டறைக்கு இது மிகவும் பொருந்தும்.


மொட்டைமாடித் தச்சன் எழுதியது:

5 கிலோ உருளைதான், தங்கையே. ஆனால் படிக்கட்டை நினைத்ததே இல்லை. இனி மேலே சுடுவதாக இல்லை.


இழைப்புளி எழுதியது:

எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள். எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது ஆண்டு மரவேலையில் நான் கற்றது, மரத்தை மறைக்காமல் முடிக்க வேண்டும் என்பதைத்தான். வைரம் பாய்ந்த தேக்கையும் வேங்கையையும் சிலர் கொண்டுவந்து சுட்டுத் தரச் சொல்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை. தேக்கு தானாகவே எண்ணெய்ப் பசையுள்ளது, கறையானையும் ஈரத்தையும் தானே பார்த்துக்கொள்ளும். அதைச் சுடுவது நல்ல பட்டுப்புடவையைச் சாயத்தொட்டியில் போடுவதற்குச் சமம். கனத்த மரங்கள் சுடும்போது ஒழுங்காகவும் நடந்துகொள்வதில்லை. மேல்முகம் கரியாவதற்குள் உள்ளே சூடு ஏறி, முனையிலிருந்து பிளக்கும். சில்வர் ஓக், மலைவேம்பு, பைன் போன்ற இளகிய மரங்களுக்குச் சுடுவது ஒரு மேன்மை என்றால் ஒத்துக்கொள்கிறேன். பைனில் கணு இருக்குமிடத்தில் பிசின் கொதித்து வெளியே வரும். தெறிக்கும், எச்சரிக்கையாக இருங்கள்.

நெருப்பு காட்டிப் பதப்படுத்துவது நமக்கும் புதியதன்று. மண்ணுக்குள் போகும் கம்பத்தின் அடியைத் தீயில் வாட்டிக் கரியாக்கி, அதன்மேல் தார் பூசி நடுவதை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன்.

முடிவாக ஒன்று. மேலே அமர்வதற்கான பலகை என்றால், ஆழமாகச் சுட்டுவிட்டுக் கரியை அப்படியே விடாதீர்கள். நார் ஓடும் திசையிலேயே, குறுக்கே போகாமல், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். மென்மரத்தில் ஒவ்வொரு வளையத்திலும் இளகிய பகுதி ஆழமாக எரிந்திருக்கும், கெட்டிப் பகுதி மேடாக நிற்கும். தேய்த்த பிறகு கையை வைத்தால், ஆற்றில் நீர் வடிந்த பின் மணலில் தெரியுமே, அந்த வரிகளைப்போல இருக்கும். அதன்பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இரண்டு முகங்களுக்கும் முனைகளுக்கும் எண்ணெய் கொடுங்கள். முனைகளுக்கு மறக்காமல் இரண்டு மடங்கு கொடுங்கள், மரம் குடிப்பது அங்கேதான்.


லிக்னின் எழுதியது:

ஐயா சொன்ன கம்பத்தைப் பற்றி ஒரு சிறு துணுக்கு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூலில், இளகிய நிலத்தில் அடித்தளம் போடச் சுட்டுக் கரியாக்கிய மரமுளைகளை அடிக்கச் சொல்கிறார். நெருப்பு எல்லா ஊரிலும் இருந்தது, மரமும் இருந்தது. சுவர் முழுவதையும் அதனால் போர்த்த வேண்டும் என்ற அழகுணர்ச்சியை வளர்த்தெடுத்தது ஜப்பான்.


மொட்டைமாடித் தச்சன் எழுதியது:

நெடுநாள் கழித்து வருகிறேன். பேசியதையெல்லாம் செய்து பார்த்தேன். அதன் அறிக்கை இது.

தென்காசிக்கு அருகில் நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கத்துக் காற்று நெருப்பு மூட்ட விடாது என்பதால், வைகாசி முதல் வாரத்திலேயே ஒரு விடியற்காலையில் போய்விட்டோம். தரையில் உதிர்ந்த ஓலை, மட்டை, சருகு எல்லாவற்றையும் முப்பதடி வட்டத்துக்குக் கூட்டித் தள்ளி, மண்ணை நனைத்து, பம்பு செட்டிலிருந்து குழாயை இழுத்து வைத்துக்கொண்டோம். மர அறுவை ஆலையில் வாங்கிய பைன் பலகைகள், ஆறடி நீளம், ஆறங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். மூன்றைச் சேர்த்துக் கட்டி, மூன்று செங்கல்களின் மேல் நிறுத்திப் பற்றவைத்தேன்.

ஒகயாமா நண்பர் எழுதியிருந்த உறுமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. புகை மட்டும் அடிவாயிலிருந்தே திரும்பி என் முகத்தில் அடித்தது. பலகைகளின் விளிம்புகள் ஒட்டாமல் விரலளவு சந்து இருந்ததால், காற்று இடையிலேயே புகுந்து இழுப்பைக் கெடுத்துவிட்டது. இறக்கி, கம்பியை முறுக்கி இறுக்கி, மறுபடி நிறுத்தினேன். இம்முறை நாற்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தது. ரயில் என்று அவர் சொன்னது எனக்குத் தேரோட்டத்தில் வடம் பிடித்ததும் சக்கரம் நகரும் முதல் முழக்கத்தைப்போலக் கேட்டது. மேலே தீ பீறிட்டதும் பக்கத்துத் தோப்புக் காவலர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்; விளக்கிச் சொன்னதும், நல்ல பலகையை ஏன் கொளுத்துகிறீர்கள் என்று இன்னும் கவலையாகக் கேட்டார்.

முதல் கட்டில் ஆசையால் ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டேன். விளிம்புகள் கத்திபோல மெலிந்து, ஒரு பலகை இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்தது. இரண்டாவது கட்டை இரண்டு நிமிடத்தில் தலைகீழாக்கி, நான்காவது நிமிடத்தில் பிரித்து நீரடித்தேன். ஆற்றியபின் காம்பஸ் முள் நடுப்பகுதியில் மூன்று மில்லிமீட்டர் இறங்கியது; முனைகளில் இரண்டுதான். மாலைக்குள் பதினெட்டுப் பலகைகள் முடித்தோம். வீட்டுக்குப் போனபோது பற்களைத் தவிர வேறு எதுவும் வெள்ளையாக இல்லை.

பன்னிரண்டு பலகைகளைக் கரியோடு அப்படியே பட்டறையின் மேற்குச் சுவருக்கு நிறுத்துவாக்கில் அடித்திருக்கிறேன், பின்னால் முக்கால் அங்குலச் சட்டம் கொடுத்து. தகரத்தை மாலை வெயில் நேராகத் தாக்கியது இதனால் நின்றிருக்கிறது. மீதியில் ஐந்தை ஐயா சொன்னபடி நார் திசையில் தேய்த்து, எல்லா முகங்களுக்கும் எண்ணெய் கொடுத்து, மேல் விளிம்புகளைச் சாய்வாக இழைத்து விசுப்பலகையை மீண்டும் செய்தேன். எண்ணெய்த் துணி தகர டப்பாவில் தண்ணீருக்குள் இருக்கிறது, டொரொண்டோ அண்ணா கவனிக்கவும். தேய்க்க மட்டும் நான்கு மாலைப்பொழுதுகள் ஆயின. அவசரமே தோன்றவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கரித்தூள் எழுந்து, அடியிலிருந்து காப்பி நிறத்தில் வரிகள் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கீழே இருந்து இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஐப்பசி மழை பெய்து முடித்துவிட்டது. பலகைகள் குழியவில்லை, ஒரே ஒரு கணுவைச் சுற்றிக் கரி எழும்பியிருக்கிறது. தீபாவளிக்குச் சித்தப்பா வந்தார். வெள்ளைக் கைக்குட்டையை அழுத்தித் தேய்த்துக் காட்டினேன், ஒரு துளி கறுப்பும் ஒட்டவில்லை. நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, பையிலிருந்து அன்றைய தினசரியை எடுத்து விரித்து, அதன்மேல் அமர்ந்தார்.


பால்கனிப் பட்டறை எழுதியது:

தேய்க்க எந்த பிரஷ் பயன்படுத்தினீர்கள், அண்ணா? என்னிடம் இருக்கும் இரும்புக் கம்பி பிரஷ் பைனில் கீறல் போடுகிறது.


மொட்டைமாடித் தச்சன் எழுதியது:

முதல் தேய்ப்புக்கு மட்டும் வெல்டிங் கடையில் கசடு தட்டும் இரும்புக் கம்பி பிரஷ். அதற்குப் பிறகு பித்தளைக் கம்பி. கடைசித் தேய்ப்புக்குத் தேங்காய் நார். வீட்டில் பாத்திரம் துலக்க வைத்திருந்ததை எடுத்துப் போனதற்கு இன்னும் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.